பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் உதவப் போகிறீர்களா?

கேள்வியின் சாரம் இதுதான்: மகள் இரண்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு; இருவரும் ஒரே தொடக்கப் பள்ளியில் படிக்கிறார்கள். வகுப்பறையில் உதவ விரும்பும் பெற்றோர் பெயர் கொடுக்கலாம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வாரத்தில் ஒரு முற்பகல் மட்டுமே உங்களால் ஒதுக்க முடியும். கற்பித்துப் பழக்கம் இல்லை. போனால் பிள்ளைகளுக்கு நன்மை உண்டா, அங்கே என்ன வேலை செய்வது, மகள் உங்களைக் கண்டதும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது, உங்கள் கணவரும் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். தயங்காமல் பெயர் கொடுங்கள். நான் தொடக்க வகுப்புகளில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள். பெற்றோரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தியிருக்கிறேன். என் பிள்ளைகளின் பள்ளிக்கு உதவப் போயும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: கற்பித்துப் பழக்கம் இல்லாதது ஒரு குறையே அல்ல. கற்பிக்கத் தெரிந்தவர் அந்த அறையில் ஏற்கெனவே இருக்கிறார். அங்கே இல்லாதது, ஒரு குழந்தையின் பக்கத்தில் அவசரமில்லாமல் உட்காரக்கூடிய இன்னொரு பெரியவர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 குழந்தைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் 2 நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரமும் மற்ற 29 பேர் சும்மா இருக்க மாட்டார்கள். ஒருவனுக்குப் பென்சில் முனை உடையும், ஒருத்திக்கு மூக்கில் ரத்தம் வரும், இருவர் ஒரே அழிப்பானுக்கு மல்லுக்கட்டுவார்கள். எத்தனை திறமையான ஆசிரியரானாலும் ஒரு குழந்தைக்குத் தொடர்ந்து 10 நிமிடம் கொடுப்பது அபூர்வம். நீங்கள் ஒரு முற்பகலில் ஐந்தாறு குழந்தைகளுக்கு அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்துவிட முடியும்.

நன்மை யாருக்கு என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகளின் மதிப்பெண் உயரும் என்ற எண்ணத்தில் போவதாக இருந்தால், அந்த எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பெற்றோர் ஈடுபாடு பற்றி அதிகம் ஆராய்ந்தவர்களில் ஒருவரான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டைன், அதை ஆறு வகையாகப் பிரித்தார்: பிள்ளை வளர்ப்பு, பள்ளியோடு தகவல் பரிமாற்றம், தன்னார்வப் பணி, வீட்டில் படிப்புக்குத் துணை, பள்ளியின் முடிவுகளில் பங்கு, ஊரோடு இணைந்து செயல்படுவது. நீங்கள் கேட்பது இந்த ஆறில் ஒன்று மட்டுமே. அமெரிக்காவில் கீத் ராபின்சனும் ஏஞ்சல் ஹாரிசும் நீண்ட காலத் தரவுகளை அலசி 2014இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரின் பல வகை ஈடுபாடுகளுக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் இடையே சீரான தொடர்பு தென்படவில்லை. அதைப் படித்துவிட்டு, பெற்றோர் பள்ளிக்கு வருவதே வீண் என்று சிலர் முடிவுகட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மதிப்பெண் அளக்காதவை நிறைய இருக்கின்றன.

உங்கள் மகள் "இன்று குழு மாற்றினார்கள்" என்று முகம் வாடி வரும்போது, அது எந்த மூலையில் உள்ள எந்த மேசை, அங்கே யார் யார் உட்காருவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். "இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்று கேட்டு "ஒன்றுமில்லை" என்ற பதிலை வாங்கும் நிலை கொஞ்சம் மாறும். வகுப்பாசிரியர் ஏதாவது கவனித்தால், பெற்றோர் கூட்டம் வரும்வரை காத்திருக்காமல் உங்களிடம் முன்கூட்டியே சொல்லத் துணிவார். இவை உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பவை. ஆனால் பெரிய பங்கு மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் போகும். அதற்கு மனம் ஒப்பினால்தான் இந்த வேலை இனிக்கும்.

இனி என்ன வேலை என்பது. உங்களுக்கு வாய்ப்பிருந்தால், குழந்தைகள் வாசிப்பதைக் கேட்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் இதைவிடப் பயனுள்ள உதவி எனக்குத் தெரியாது. லண்டனின் ஹாரிங்கே பகுதியில் 1976 முதல் 1978 வரை ஜாக் டிசார்டும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சில வகுப்புக் குழந்தைகள் பள்ளிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோரிடம் தவறாமல் வாசித்துக் காட்டினார்கள். வேறு சில வகுப்புகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் கூடுதலாக வந்து சிறு குழுக்களுக்கு உதவினார். வீட்டில் வாசித்துக் காட்டிய குழந்தைகளே தெளிவாக முன்னேறினார்கள். அந்தப் பெற்றோரில் சிலருக்கு ஆங்கிலமே சரளமாக வராது. காது கொடுத்துக் கேட்கும் ஒரு பெரியவர், தொடர்ந்து கேட்டார், அவ்வளவுதான். வீட்டில் அப்படிக் கேட்க ஆள் வாய்க்காத குழந்தைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களை ஆசிரியருக்கு நன்றாகத் தெரியும். உங்களிடம் முதலில் அனுப்பப்போவது அவர்களைத்தான்.

கேட்பது எளிது என்று தோன்றும். கற்றுக்கொள்ள வேண்டிய கலை அது. வாசிக்கும் குழந்தை ஒரு சொல்லில் தடுக்கியதும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட நம் நாக்கு துடிக்கும். அதை அடக்குவதுதான் முதல் பாடம். 1970களின் பிற்பகுதியில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் டெட் கிளின், ஸ்டூவர்ட் மெக்நாட்டன், விவியன் ராபின்சன் ஆகிய மூவரும், வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகளின் பெற்றோருக்காக ஒரு முறையை வகுத்தார்கள். நிறுத்து, துப்புக் கொடு, பாராட்டு: அதன் மூன்று படிகள் இவ்வளவே. ஆசிரியப் பயிற்சி இல்லாதவருக்காகவே உருவான முறை என்பதால் உங்களுக்கு அப்படியே பொருந்தும்.

குழந்தை தடுக்கினால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். தவறாக வாசித்தால் வாக்கியம் முடியும்வரை விடுங்கள். பாதிப் பேர் தாங்களே திரும்பி வந்து திருத்திக்கொள்வார்கள். திருத்தாவிட்டால், தவறு எந்த வகை என்று பாருங்கள். "மரத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது" என்பதில் குருவியைக் குதிரை என்று வாசித்தால் பொருள் கெடுகிறது. "மரத்தில் குதிரை உட்காருமா?" என்று கேட்டால் போதும், குழந்தை சிரித்துக்கொண்டே எழுத்தைப் பார்க்கும். "அக்கா வீட்டுக்குப் போனாள்" என்பதை "அக்கா வீட்டுக்கு வந்தாள்" என்று வாசித்தால் பொருள் கெடவில்லை, எழுத்துதான் கவனிக்கப்படவில்லை. அப்போது பொருளைப் பற்றிக் கேட்பதில் பயனில்லை; "கடைசிச் சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது?" என்று விரல் வைத்துக் காட்டுங்கள். ஒன்றுமே வராமல் நின்றுவிட்டால், வரியை முதலிலிருந்து மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது அந்தச் சொல்லைத் தாண்டி வாக்கியத்தை முடிக்கச் சொல்லுங்கள். இரண்டு துப்புக் கொடுத்தும் வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். அதற்கு மேல் இழுத்தால் கதை செத்துவிடும்.

தமிழ் வாசிக்கக் கேட்பதானால் சில இடங்களை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கொம்பு போட்ட எழுத்துகளில் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போக இப்போதுதான் பழகிய கண் அங்கே தடுமாறும். "கொ" என்பதைக் "கெ" என்றும் அடுத்து ஒரு கால் என்றும் பிரித்துப் பார்த்துக் குழம்பும். "எரி", "ஏரி" என்பதிலும் "கொடு", "கோடு" என்பதிலும் குறிலும் நெடிலும் இடம் மாறும். இவற்றுக்கெல்லாம் பதற வேண்டாம். எழுத்துக் கூட்டும் குழந்தை "காகம்" என்ற சொல்லில் இரண்டு ககரத்தையும் ஒரே அழுத்தத்தோடு தனித்தனியாகச் சொல்லும். தினமும் பார்க்கும் பறவைதான் அது என்பது அதற்கே தெரியாது. "இப்போது சேர்த்து, வேகமாகச் சொல்" என்றால் முகம் மலரும். "ஓடிக்கொண்டிருந்தார்கள்" போன்ற நீளமான சொல்லில் பாதியை விரலால் மறைத்து "ஓடி", "கொண்டு", "இருந்தார்கள்" என்று துண்டு துண்டாகத் திறந்து காட்டுங்கள்.

இன்னொன்றை ஆழமாக நம்புகிறேன். "இருக்கிறது" என்று அச்சிட்டிருப்பதைக் குழந்தை பேச்சு வழக்கில் "இருக்கு" என்று வாசித்தால், பாய்ந்து திருத்தாதீர்கள். அந்தக் குழந்தை பொருளைப் பிடித்துவிட்டது, பிடித்ததைத் தன் பேச்சில் சொல்கிறது. வெறுமனே எழுத்துக் கூட்டுபவருக்கு இது வராது. கதை முடிந்த பிறகு "புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறது, பார்க்கலாமா?" என்று ஓரிடத்தைக் காட்டினால் போதும். எழுத்துத் தமிழ் காதில் விழ விழத்தான் படியும். அதனால் ஒவ்வொரு குழந்தையின் முறை முடிந்ததும் அடுத்த பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

பாராட்டும்போது செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். "நீ ரொம்பப் புத்திசாலி" என்று வேண்டாம். "தப்பு என்று நீயாகவே கண்டுபிடித்துத் திரும்பி வந்தாயே, அது நன்றாக இருந்தது" என்று சொல்லுங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலித்தனத்துக்காகப் பாராட்டு வாங்கிய குழந்தைகள் அடுத்து வந்த கடினமான வேலையில் சறுக்கியதும் சீக்கிரம் மனம் தளர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். வாசிப்பில் பின்தங்கிய குழந்தைக்குப் பொய்யான புகழ்ச்சி உடனே தெரிந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ என்ற அமெரிக்கர், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்ட குழந்தைகளும் வாய் திறந்தார்கள். ஆசிரியரை அந்த ஒரு விநாடிக்குள் நெருக்குவது பாடத்திட்டமும் மணியும். உங்களை நெருக்க அங்கே எதுவும் இல்லை. கதையில் வரும் சிறுவன் ஏன் அழுதான் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வாய் பேசாத குழந்தை என்று பெயர் வாங்கிய சில குழந்தைகள் அந்த மௌனத்துக்குப் பிறகு சொல்பவை அசர வைக்கும்.

இனி உங்கள் மகள். நேராகச் சொல்கிறேன்: முதல் சில வாரங்கள் அவளுடைய வகுப்புக்குப் போகாதீர்கள். உங்கள் பிள்ளைகள் இருவருமே இல்லாத ஒரு வகுப்பையோ பள்ளி நூலகத்தையோ கேளுங்கள். அம்மா பள்ளியில் இருக்கிறாள், ஆனால் தன் மேசைக்கு வருவதில்லை என்பதற்கு அவள் பழகட்டும். நீங்களும் வேலையைப் பழகிக்கொள்ளலாம். பிறகு அவள் வகுப்புக்குப் போகும் நாள் வந்தால் முந்தின இரவே சொல்லிவிடுங்கள். "நாளை உன் வகுப்புக்கு வருவேன். உன்னைப் பார்த்துச் சிரிப்பேன். பிறகு எல்லாருக்கும் உதவுவேன். மணி அடித்ததும் போய்விடுவேன்." குழந்தைகளுக்கு வரிசை தெரிந்தால் பாதி அழுகை அடங்கிவிடும். நீங்கள் கிளம்பும் நேரம் இடைவேளை மணியோடு சேர்ந்து வரும்படி ஆசிரியரிடம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பாடத்தின் நடுவே அம்மா எழுந்து போனால் அவளுக்குத் தாங்காது. எல்லாரும் வெளியே ஓடும்போது அவளும் ஓடிவிடுவாள்.

அப்படியும் ஒட்டிக்கொண்டால் கடிந்துகொள்ளாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். ஒரு முறை அணைத்து, ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு உங்கள் மேசைக்குப் போங்கள். சில வாரம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் அந்த வகுப்பை விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு வேறு மாதிரி இருப்பாள்.

நான்காம் வகுப்பு மகனின் நிலை வேறு. அவனிடம் அனுமதி கேளுங்கள். உண்மையாகவே கேளுங்கள், வேண்டாம் என்றால் ஏற்றுக்கொள்ளும் மனதோடு. ஒன்பது வயதில் நண்பர்கள் முன்னால் அம்மா வந்து நிற்பது சிலருக்குப் பெருமை, சிலருக்கு வேதனை. வகுப்பில் வீட்டுச் செல்லப் பெயரால் கூப்பிடாதீர்கள். தலைமுடியைக் கோதாதீர்கள். அவனை உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். சேர்த்தால் ஒன்று சலுகை காட்டுவீர்கள், அல்லது சலுகை காட்டவில்லை என்று நிரூபிக்க அவனிடம் மட்டும் கடுமையாக இருப்பீர்கள். இரண்டாவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: வகுப்பில் கண்டதை வீட்டில் விசாரணையாக்காதீர்கள். "ஏன் கை தூக்கவில்லை? ஏன் அவனோடு பேசிக்கொண்டிருந்தாய்?" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்கத் தொடங்கினால், பிள்ளைக்குப் பள்ளியிலும் தப்பிக்க இடம் இல்லாமல் போகும். வீட்டுக்கு வெளியே, பெற்றோர் கண்ணுக்கு அப்பால், தானே சமாளித்து வளரும் இடம் பள்ளி. அந்த இடத்துக்கு நீங்கள் விருந்தாளியாகப் போகிறீர்கள்.

அடுத்தது வாய்க்கட்டுப்பாடு. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. யார் எழுத்துக் கூட்டவே திணறுகிறான், யார் இன்று சட்டையை நனைத்துக்கொண்டாள், யார் சாப்பாடு கொண்டு வரவில்லை, யாருடைய அப்பா வீட்டுக்கு வருவதில்லை என்பதெல்லாம் சில வாரங்களிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். குழந்தைகள் மறைக்கத் தெரியாதவர்கள். அதில் ஒரு சொல்கூடப் பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது. நெருங்கிய தோழியிடமும் கூடாது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அறவே கூடாது. அந்தக் குழந்தையின் தாய் உங்களிடமே வந்து "என் பையன் எப்படி வாசிக்கிறான்?" என்று கேட்டாலும், "ஆர்வமாக உட்கார்ந்து வாசிக்கிறான், மற்றதை ஆசிரியரிடம் கேளுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒரு குழந்தை சொல்வது அதற்குத் துன்பம் நேர்கிறது என்று உணர்த்தினால், அமைதியாகக் கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேள்வி கேட்காதீர்கள். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, அன்றைக்கே வகுப்பாசிரியரிடமோ தலைமை ஆசிரியரிடமோ சொல்லிவிடுங்கள். விசாரிப்பது அதற்குப் பொறுப்பானவர்களின் வேலை. தகவல் அவர்களிடம் சேர்வதை உறுதிசெய்வது உங்கள் வேலை.

பள்ளி உங்கள் அடையாளச் சான்றைக் கேட்கும். பல இடங்களில் காவல்துறைச் சரிபார்ப்பும் உண்டு. சந்தேகப்படுகிறார்களே என்று வருந்தாதீர்கள். கேட்காத பள்ளியைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். குழந்தையோடு தனியாக மூடிய அறையில் இருக்காதீர்கள். கதவு திறந்திருக்கும் இடத்தில், மற்றவர் கண்ணில் படும்படி உட்காருங்கள். கழிப்பறைக்கு அழைத்துப் போகும் பொறுப்பு பள்ளி ஊழியருடையது. தின்பண்டம் கொடுக்காதீர்கள், யாருக்கு எது ஒவ்வாது என்பது உங்களுக்குத் தெரியாது. மருந்து எதையும் தொடாதீர்கள். படம் எடுக்காதீர்கள், உங்கள் பிள்ளையை எடுக்கும் படத்தின் பின்னணியிலும் வேறு பிள்ளைகள் இருப்பார்கள். கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள்.

இரண்டு குழந்தைகள் சண்டை போட்டால்? அடிதடி என்றால் தடுங்கள். மற்றபடி ஆசிரியரைக் கூப்பிடுங்கள். தண்டனையும் சமாதானமும் அவர் கையில் இருக்கட்டும். உங்கள் மேசையில் ஒரு குழந்தை அடங்க மறுத்தால், "உனக்கு இப்போது மனமில்லை போலிருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிடலாம். அதில் தோல்வி எதுவும் இல்லை.

ஆசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோர் வகுப்பறைக்குள் வந்து உதவுவது வரலாற்றில் மிகப் பழைய வழக்கம் அல்ல. தொடக்கக் கல்வி பற்றி பிரிட்டனில் 1967இல் வெளியான பிளவுடன் அறிக்கை, பெற்றோரோடு பள்ளிகள் நெருங்கிப் பழக வேண்டும் என்று விரிவாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றும் பல ஆசிரியர்களுக்கு, பின்வரிசையில் ஒரு பெற்றோர் உட்கார்ந்திருந்தால் தாங்கள் எடைபோடப்படுவதாகத் தோன்றும். அந்த அச்சம் நியாயமானது, எனக்கும் இருந்திருக்கிறது. அதைப் போக்க ஒரே வழி, நீங்கள் வகுப்பைக் கவனிக்க வரவில்லை, வேலை செய்ய வந்திருக்கிறீர்கள் என்பதைச் செயலில் காட்டுவது. அவர் பாடம் நடத்தும் முறை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். உங்கள் பிள்ளையைப் பற்றிக் குறையும் இருக்கலாம். அதை உதவப் போகும் நாளில் எடுக்காதீர்கள். தனியாக நேரம் கேட்டு, மற்ற பெற்றோரைப் போலவே போய்ப் பேசுங்கள். உதவுகிறவர் என்ற உரிமையில் உங்கள் பிள்ளைக்கு ஒரு சலுகை கேட்டீர்கள் என்றால், அன்றோடு அந்த வகுப்பில் உங்கள் மதிப்பு இறங்கிவிடும்.

வாசிக்கக் கேட்கும் வேலை எல்லாருக்கும் கிடைக்காது. நகல் எடுப்பது, அட்டை வெட்டுவது, நூலகப் புத்தகங்களுக்கு உறை போடுவது, விளையாட்டு விழாவில் கயிறு பிடிப்பது, சுற்றுலாவில் தலை எண்ணுவது என்று எது கொடுத்தாலும் செய்யுங்கள். ஆசிரியர் மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யும் வேலை அது. நீங்கள் வெட்டிக் கொடுத்த அட்டைகளால் மிச்சமான ஒரு மணி நேரத்தில் அவர் நாளைய பாடத்தை யோசிப்பார். பகலில் வரவே முடியாத பெற்றோருக்கும் இதுவே வழி. வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய வேலையைப் பள்ளி பிரித்துக் கொடுக்கட்டும் என்று நீங்கள் எடுத்துச் சொல்லலாம். அன்றாடக் கூலிக்குப் போகிறவர், இரவுப் பணி பார்க்கிறவர், தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர் எல்லாருக்கும் முற்பகல் கிடைக்காது. வராத பெற்றோர் அக்கறையில்லாதவர் என்று யாராவது பேசினால் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாதீர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காகத்தான் நீங்கள் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்கள் என்பதைவிட, சொன்ன நாளில் வருகிறீர்களா என்பதே பெரிது. முதல் வாரம் உற்சாகத்தில் மூன்று நாள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் காணாமல் போகிறவர்களால் வகுப்புக்குத் தொல்லைதான். குழந்தை காத்திருக்கும். "இன்று அந்த அம்மா வருவார்களா?" என்று காலையிலிருந்து ஆசிரியரைக் கேட்கும். ஒரு முற்பகல் என்றீர்களே, அது போதும். அதையும் முதலில் ஒரு பருவத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். வர முடியாத நாளை முந்தின நாளே தெரிவியுங்கள். நிறுத்திக்கொள்ள நேர்ந்தால் கடைசி நாளை முன்கூட்டியே குழந்தைகளிடம் சொல்லி, அவர்கள் பாதி வாசித்த புத்தகத்தை முடித்துக் கொடுத்துவிட்டு விடைபெறுங்கள்.

தொடங்கும் முன் ஆசிரியரோடு கால் மணி நேரம் பேசுங்கள். எங்கே உட்கார வேண்டும், குழந்தைகள் உங்களை எப்படி அழைக்க வேண்டும், யாரை எந்த வரிசையில் அனுப்புவார், ஒரு குழந்தை வாசிக்க மறுத்தால் என்ன செய்ய வேண்டும், பார்த்ததை எப்படிக் குறித்துக் கொடுக்க வேண்டும் என்பதைக் கேளுங்கள். தேதி, பக்கம், தடுமாறிய சொற்கள் என்று ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுதி வகுப்பிலேயே வைத்துவிட்டு வந்தால் ஆசிரியருக்கு அது பெரிய உதவி. சில வாரம் கழித்து, "நான் வருவதால் உங்களுக்கு வேலை குறைகிறதா, கூடுகிறதா?" என்று கேளுங்கள். கூடுகிறது என்று அவர் சொன்னால், எதை மாற்ற வேண்டும் என்று அவரையே கேட்டு அதன்படி செய்யுங்கள்.

உங்கள் கணவர் தாராளமாக வரலாம், வர வேண்டும் என்பதே என் விருப்பம். தொடக்கப் பள்ளிகளில் ஆண்களைக் குழந்தைகள் குறைவாகவே பார்க்கிறார்கள். புத்தகம் பிடித்து உட்கார்ந்து வாசிக்கும் ஆண்களை இன்னும் குறைவாகப் பார்க்கிறார்கள். அப்பாக்கள் வந்தால் பல பள்ளிகள் மேசை நகர்த்தவும் பந்தல் கட்டவும் கூப்பிடுகின்றன. அவர் வாசிக்கக் கேட்கும் வேலையையே கேட்டு வாங்கட்டும். நான்காம் வகுப்புச் சிறுவர்களில் வாசிப்பைத் தட்டிக்கழிக்கிறவர்கள் சிலர் அவரிடம் உட்காரக்கூடும். உங்களால் போக முடியாத வாரத்தில் அவர் போகலாம் என்று திட்டமிட்டால், அவருக்கும் தனியாகப் பதிவும் சரிபார்ப்பும் தேவைப்படும். அதற்கு நாளாகும் என்பதால், பள்ளிக்கு அனுப்பும் கடிதத்தில் இரண்டு பெயரையும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.